மினோதி கொடுத்த டீ

ராசா,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ நியூ டவுனிலிருந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். உன் கம்பெனி செய்திருக்கிற அந்தச் செயலியை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று உனக்கு ஒரே பரபரப்பு. புயலிலோ வெள்ளத்திலோ வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவி கொடுக்கிறதே, அதற்காக இனிமேல் வீடு வீடாகப் போய் மணிக்கணக்கில் பார்த்து எழுத வேண்டியதில்லை, ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் முழு சேதமா பகுதி சேதமா என்று அதுவே சொல்லிவிடும் என்றாய். "இனிமே யாரும் சேத்துல இறங்கி நடக்க வேண்டாம்மா" என்றாய். புயல் வருஷம் நீ கணக்கெடுக்கப் போனபோது எடுத்த பழைய படம் ஏதாவது இருந்தால் கொடு, சோதித்துக் காட்டுகிறேன் என்றாய். நான் அலமாரியில் கிடந்த என் பழைய போனை எடுத்து, சார்ஜ் ஏற்றி, ஒரு படத்தைத் தேடி உனக்கு அனுப்பினேன். ஒரு மண் வீட்டு வாசலில் ஒரு பெண் நிற்கிற படம். உன் செயலி கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டது. பகுதி சேதம்.

"அன்னைக்கு நீ என்னம்மா எழுதினே?" என்று கேட்டாய்.

"அதேதான்" என்றேன்.

"பாத்தியா! எவ்வளவு கரெக்டா சொல்லுது!" என்று குதித்தாய். உங்கப்பாகூட செய்தித்தாளை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். நான் டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனவள், நீ கிளம்புகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. படியிறங்கும்போது நீயாகத்தான் சொன்னாய்: "இந்த ப்ராஜெக்டை நான் கேட்டு வாங்கினதே உன்னை நினைச்சுத்தான்மா. புயல்ல வீடு போய் வந்த அந்த மினோதி மாசிக்கு நீ செஞ்சதை ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

உன் செயலி சொன்னது தப்பு. நான் அன்றைக்கு எழுதியதும் தப்பு. அடுத்த வாரம் நீ முதல் தடவையாகத் தெற்கே தீவுகளுக்குப் போய் அந்தச் செயலியை நேரில் சோதித்துப் பார்க்கப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்கு இது தெரிந்தாக வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெங்காலி உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷில் எழுதினால் மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பி வைப்பாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பாய். எனக்கு அதுதான் வேண்டும். புரியாத வார்த்தைக்கு அப்பாவைக் கேள். அவர் கேட்காததற்கும் சேர்த்துச் சொல்லுவார்.

ஒரு விஷயத்தை முதலில் சொன்னால்தான் மற்றது உனக்குப் புரியும். உன் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்துக்கு எழுத்தர் வேலைக்கு வந்தவர் என்று உனக்குத் தெரியும். நாங்கள் இருந்த வரிசையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள். வெளியே லாரியும் கைவண்டியும் இரைந்துகொண்டிருந்தாலும், விடிந்தால் எல்லா வாசலிலும் கோலம் இருக்கும். அப்பா தவறிப்போன அன்று காலை எங்கள் வீட்டிலிருந்து ஒரு அழுகைச் சத்தம்கூட வரவில்லை. எங்கம்மா அதிர்ச்சியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தவள் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கோலத்தைக் காணமே, என்ன ஆச்சு?" என்று உள்ளே ஓடி வந்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கணக்கு மனதில் ஊறிப்போயிற்று. வாசல் வெறிச்சென்று இருந்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. கோலம் இருந்தால் வீடு நன்றாக இருக்கிறது.

அந்தப் புயல் அடித்த வருஷம் நீ பதினொன்றாம் வகுப்பு. பவானிபூரில் நம் தெருவில் மரங்கள் சாய்ந்து, கரண்ட் இல்லாமல், நாலாவது மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்கிப் பட்ட பாட்டையே நாம் பெரிய கஷ்டம் என்று பேசிக்கொண்டிருந்தோம். தெற்கே தீவுகளில் ஆற்றங்கரை உடைந்து ஊர் ஊராக உப்புத் தண்ணீர் புகுந்திருந்தது. உதவி கொடுப்பதற்கு முதலில் எடுத்த பட்டியலில் ஏகப்பட்ட புகார். மாடி வீட்டுக்காரன் பெயர் இருக்கிறது, குடிசை போனவன் பெயர் இல்லை என்று சண்டை. அதனால் மறுபடி சரிபார்க்க நகரத்து அலுவலகங்களிலிருந்து ஆட்களை இழுத்தார்கள். அப்படித்தான் ஃபைல்களை மட்டுமே பார்த்துப் பழகிய நான் படகேறினேன். என்னோடு ஜோடியாக வந்தவர் படகு கிளம்பிய கால் மணியில் வாந்தியெடுக்க ஆரம்பித்து, தீவில் இறங்கியதும் பள்ளிக்கூட பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டார். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு நான் மட்டும் சேற்றில் நடந்தேன்.

கையில் இருந்த படிவத்தில் சுவர், கூரை, தரை என்று மூன்று கட்டங்கள். பார்த்து டிக் அடிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் என் முடிவு, அதற்குக் கீழே என் கையெழுத்து. முழு சேதம் என்று எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு மேட்டு நிலத்தில் ஓர் இடமும் வீடு கட்டிக்கொள்ள உதவியும் கிடைக்கும். பகுதி சேதம் என்றால் பழுது பார்க்க ஏதோ கொஞ்சம். நிவாரண முகாமை விட்டு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் இருந்துகொள்ள வேண்டியதுதான். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

காலையிலிருந்து பார்த்த வீடுகளில் எனக்கு எரிச்சல் ஏறியிருந்தது. ஒருவர் நல்ல ஓடுகளை இறக்கிக் குளத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிட்டு என் காலைப் பிடித்து அழுதார். இன்னொரு வீட்டில் சுவரை அன்று காலைதான் கடப்பாரையால் இடித்திருந்தார்கள். மண் உதிர்ந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. அவர்கள் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் போன பிறகு மிச்சம் இருக்கிற ஒன்றையும் காட்டிக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அன்றைக்கு வெயிலும் சேறும் சேர்ந்து, இந்த ஊரில் ஒரு உண்மையான ஆளாவது கண்ணில் படமாட்டாரா என்று இருந்தது. அந்த மனநிலையில்தான் மினோதியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வாசலில் கோலம் இருந்தது. அவர்கள் அதை ஆல்பனா என்பார்கள். அரிசிமாவைக் கரைத்து விரலால் இழுத்திருந்தாள். வாசலிலிருந்து உள்ளே போகிற லட்சுமியின் பாதங்கள், ஓரத்தில் நெற்கதிர். அவ்வளவு சேற்றுக்கு நடுவில் அந்த ஓர் இடம் மட்டும் மெழுகி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, ராசா. பொய் சொல்லலாமா? அங்கேயே என் மனம் முடிவெழுதிவிட்டது. உள்ளே போனது வெறும் சம்பிரதாயத்துக்குத்தான்.

அவள் பெங்காலியில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்; அக்கா என்பதற்கு அவள் சொன்ன தீதியை மட்டும் அப்படியே விடுகிறேன். "செருப்பைக் கழட்ட வேண்டாம் தீதி, தரை ஈரம்" என்றாள். நான் கழற்றிவிட்டு, லட்சுமி பாதத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி உள்ளே போனேன். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரின் கீழ்ப்பகுதி புதிதாகப் பூசியிருந்தது. பின்பக்கம் வெளுத்த சேலை ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தாள்; மறைப்புக்காக என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு சின்னப் பெண்கள் தலைவாரி ரிப்பன் கட்டி மூலையில் நின்றார்கள். புருஷன் கரை அடைக்கிற வேலைக்குப் போயிருந்தான்.

"ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் வந்ததுதானே தீதி. நாங்க சமாளிச்சுக்கிட்டிருக்கோம். நீங்க டீ குடிக்கணும்."

சமாளிச்சுக்கிட்டிருக்கோம் என்றதையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நானும்தான் நல்லா இருக்கோம் என்பேன். அடுப்பில் சோறு இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வேன். டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன், உப்புக் கரித்தது. பதற்றத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, அவள் பார்க்காத நேரம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு போட்டோ எடுக்க வேண்டும் என்றேன். முகம் கழுவி, வகிட்டில் சிந்தூரம் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அதுதான் நீ சோதித்த படம். சுவர் பகுதி, கூரை பகுதி, தரை பகுதி. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். ஒரு நேர்மையான குடும்பத்தைப் பார்த்துவிட்ட திருப்தி எனக்கு.

குளிர்காலத்தில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். படகு, ரயில், பஸ் எல்லாம் மாறி, வாசல் காவலாளியிடம் "மாத்ராஜி தீதியைப் பார்க்கணும்" என்று கேட்டு நின்றிருக்கிறாள். அந்தக் கட்டிடத்தில் மாத்ராஜி, அதாவது மதராஸ்காரி, நான் ஒருத்திதான், அதனால் நேராக என் மேஜைக்கே அனுப்பிவிட்டார்கள். கையில் மடித்து மடித்து நைந்த தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் கேட்டது இதுதான்:

"தீதி, அன்னைக்கு டீ கரிச்சுது. அதனாலயா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். ஊர் அடிகுழாயில் எல்லாம் உப்புத் தண்ணீர்தான் வந்தது. முகாமில் லாரித் தண்ணீர் தலைக்கு ஒரு குடம். அன்றைக்கு அந்தக் குடத்தைப் பிள்ளைகளுக்கென்று முகாமிலேயே வைத்துவிட்டு, எனக்குக் குழாய்த் தண்ணீரில் டீ போட்டிருக்கிறாள். கொதித்தால் கரிப்பு போய்விடும் என்று நினைத்தாளாம். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்ததை அவள் பார்த்துவிட்டாள். பெரிய ஆபீசரம்மா மனம் கோணிப்போய் எழுதிவிட்டார் என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் அந்த வீட்டில் குடியிருக்கவே இல்லை. முகாமில் இருந்தார்கள். வியாழக்கிழமை அதிகாரி வீடு பார்க்க வருவார் என்று அறிவித்ததும், வருகிறவரைச் சேற்றிலா உட்காரவைப்பது என்று, முதல் நாளே போய்க் கரைந்துபோன சுவருக்கு மண் அப்பியிருக்கிறாள். முகாம் நாற்காலியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். பின்பக்கத்துச் சேலை மறைப்புக்கு இல்லை, அங்கே சுவரே இல்லை. தார்ப்பாய்க்கு மேலே வைக்கோலைப் பரப்பியதைத்தான் நான் கூரை என்று எழுதினேன். வியாழக்கிழமை அவர்களுக்கு லட்சுமி பூஜை நாள், ஆல்பனா இல்லாமல் இருக்கக் கூடாது. நிவாரண அரிசியில் ஒரு பிடியை ஊறவைத்து அரைத்து அந்தப் பாதங்களைப் போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் துக்கம் வந்தால் கோலத்தை நிறுத்துவோம். அவள் வீட்டில் எல்லாம் போனதால்தான் லட்சுமியைக் கூப்பிட்டாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தெருவில் எத்தனை வியாழக்கிழமை ஆல்பனாவைத் தாண்டிப் போயிருக்கிறேன்! அந்த வாசலை மட்டும் ஏனோ கிடர்பூர்க் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த இடத்தில் "தப்பு என்னுடையது" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "இல்லம்மா, டீக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சட்டம் அப்படி."

அவள் தலையாட்டினாள். பகுதி சேதம் என்று வந்ததும் முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். அடுத்த பௌர்ணமிக்கு ஆறு ஏறியபோது வீடு உட்கார்ந்து, நிலமும் ஆற்றோடு போய்விட்டதாம். இப்போது கிடர்பூரில் புருஷன் கைவண்டி இழுக்கிறான், கால்வாய் ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறோம் என்று, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி சொன்னாள்.

அன்றைக்கே அதைத் திருத்தியிருக்கலாம். மேட்டு நிலத்து இடங்களை அப்போதும் பிரித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் அறிக்கை தவறு, மறுபடி பார்க்கவும் என்று நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். எங்கள் பொரோபாபு, அதாவது தலைமை எழுத்தர், நல்ல மனிதர், ஓய்வு பெறுகிற வயது. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணைத் திறந்தா நீ பாத்த எல்லா வீட்டையும் திறப்பாங்கம்மா. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். என் நாற்காலிக்கு உன் பேரைத்தான் மேலே அனுப்பியிருக்கேன். ஆர்டர் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறு." அவர் சொல்லித்தான் பொறுத்தேன் என்று அவர் தலையில் போட மாட்டேன். பொறுக்கச் சொல்ல ஆள் தேடித்தான் அவரிடம் போனேன். கிடைத்தார்.

அந்த மாதங்களில்தான் நான் தர்மவதி ஆனேன். மினோதியை வீட்டுக்கு வரச் சொன்னேன். நீ கதவைத் திறந்தாய், நினைவிருக்கிறதா? இரண்டு சேலை, கொசுவலை, உன் பழைய ஸ்வெட்டர், அரிசிப் பை எல்லாம் எடுத்து வைத்தேன். பையை நீ கீழே வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து, "யாரும்மா?" என்றாய். "புயல்ல வீடு போனவ, உதவி கேட்டு வந்தா" என்றேன். "சூப்பர்மா நீ" என்று என் தோளில் தட்டினாய். பதினாறு வயதில் நீ என்னை அப்படிப் பார்த்தது அபூர்வம். அதற்கு முந்தின வாரம்தான் மொபைலுக்காக என்னோடு பேசாமல் இருந்தாய். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தேன்.

ஆர்டர் வந்தது. நீயும் அப்பாவும் இனிப்பு வாங்கிவந்து கொண்டாடினீர்கள், பொம்பளை பொரோபாபு என்று கேலி செய்தீர்கள். மறுநாள் நான் இரண்டு பக்கம் எழுதினேன். கரைந்த சுவர், சேலை, வைக்கோல், உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் எழுதி, என் தவறு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கம் கேட்டு ஒரு வரிகூட வரவில்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: இடங்கள் பிரித்தாகிவிட்டது, பட்டியல் மூடியாகிவிட்டது, அடுத்த முறை பரிசீலிக்கப்படும். எதற்காக நான் அத்தனை மாதம் பயந்தேன் என்று யோசித்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதியதையும் மினோதியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டுமே.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். நம் தெருவிலேயே இரண்டு வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை பிடித்துக் கொடுத்தேன். தெருவே என்னைப் புகழ்ந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நம் வீட்டுக்கு வந்து அரை மணி உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். இத்தனை வருஷமாக அந்த டீயை நான்தான் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ இன்னொன்றும் சொன்னாய். பழைய படங்களையும் அதற்கு அதிகாரிகள் எழுதிய முடிவையும் வைத்துத்தான் அந்தச் செயலிக்குக் கற்றுக்கொடுத்தோம் என்று. அந்தப் பழைய குவியலில் என் டிக்குகளும் இருக்கும். பூசிய சுவரை நம்பு, வைக்கோலைக் கூரை என்று எடுத்துக்கொள், வாசலில் கோலம் இருந்தால் வீடு நன்றாக இருக்கிறது என்று என்னைப் போன்றவர்கள்தான் அதற்குப் பாடம் எடுத்திருக்கிறோம். உன்னையும் நான்தான் வளர்த்தேன், உன் செயலியையும் பாதி நான்தான் வளர்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

அதனால் இந்த வியாழக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் டம்ளரைக் கையில் எடுத்ததும், ஆறவிடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். பகுதி என்று எழுதியது நான், சட்டம் இல்லை, ஆர்டருக்காகப் பொறுத்தது, தாமதமாக எழுதியது, எல்லாம். அவள் டீயை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் தீதி" என்றாள். "அந்தத் தாள்ல உங்க கையெழுத்து இருந்துச்சே. முகாம்ல வாத்தியார் படிச்சுச் சொன்னார், இது மாத்ராஜி பேருன்னு. அதனாலதானே உங்களைத் தேடி வந்தேன்."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷம் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டேனே. டீ கரிச்சதாலயான்னு கேட்டேன். நீங்க சட்டம்னு சொன்னீங்க."

கோபம் இல்லையா என்று கேட்டேன். "இல்லாம? நீங்க குடுத்த சேலையை நான் இன்னைக்கு வரைக்கும் கட்டல. பெட்டியிலேயே கிடக்கு" என்றாள். அப்படியானால் ஏன் வாராவாரம் வந்தாய் என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான், வாயில் வந்துவிட்டது.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் நான் கால்வாய் ஓரத்துக்காரி. எனக்கும் ஒரு வீடு இருந்துச்சுன்னு சொன்னா யாரு நம்புவா? நீங்க ஒருத்தர்தான் அதைப் பாத்தவங்க. செருப்பைக் கழட்டிட்டு, பாதத்தை மிதிக்காம உள்ள வந்தீங்க. எம் பொண்ணுங்களுக்கே அந்த வீடு மறந்துபோச்சு தீதி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவளிடம் அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். மறுநாளே ஹாஸ்ரா பக்கம் போய்ப் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு வீட்டை இல்லாமல் ஆக்கிய அதே படம்தான்.

என் பழைய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. நிலம் ஆற்றோடு போனவர்களையும் இந்த முறை கணக்கெடுப்பில் சேர்ப்பார்கள் என்று நீதானே சொன்னாய். திங்கட்கிழமை காலையில் நானும் அவளும் அந்த நகலோடு படகுத்துறைக்குப் பக்கத்து அலுவலகத்துக்குப் போகிறோம். முதலில் பார்த்து எழுதியது நான், எழுதியது தவறு என்று மேஜைக்கு முன்னால் நின்று சொல்வேன். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டாலும் இந்த முறை சட்டம் என்று அவளிடம் பொய் சொல்ல வேண்டியிருக்காது. உன் ஆபீஸில் என்னைப் பற்றிச் சொன்ன கதையை நீ மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதில் உனக்கு வருத்தம் இருந்தால் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் வேலையை நான் குறை சொல்லவில்லை, ராசா. சிபாரிசுக்கும் கட்சிக்காரனுக்கும் படத்தில் இடமில்லை. ஓடுகளை ஒளித்து வைத்தவனையும் அது பிடிக்கும். நல்லதுதான். ஆனால் இழந்தவர்களில் பாதிப் பேர் அதை மறைக்கத்தான் பார்ப்பார்கள். யாசகம் வாங்க நிற்கிற மாதிரி நிற்க அவர்களுக்குக் கூசும். விருந்தாளி வருகிறார் என்று பெருக்கி மெழுகி, பிள்ளைக்கு ரிப்பன் கட்டி நிறுத்துவார்கள். அவர்களுக்கு அது மரியாதை, உன் செயலிக்கு அது பகுதி சேதம். படத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்காரி தன் வாயால் சொல்கிற ஓர் இடம் வை. நேற்று எங்கே படுத்தாய், தண்ணீர் எங்கே எடுத்தாய் என்று கேட்க வை. பார்க்கப் போகிறவன் தன் தப்பை மறுநாளே, யார் நாற்காலிக்கும் பயப்படாமல், திருத்திக்கொள்ள ஒரு வழி வை. உன் மேலதிகாரி முடியாது என்றால் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. தமிழ் தெரியாதவர் என்றால் நீயே பெங்காலியில் சொல்லு. உன் அம்மா கதைதான், கூச்சப்படாதே.

சேற்றில் இறங்க வேண்டாம் என்றாயே, இந்த ஒரு தடவை இறங்கு. ஆல்பனா போட்ட வாசல் ஏதாவது வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போ. டீ குடிக்கச் சொல்வார்கள். நேரமாகிவிட்டது, பழக்கமில்லை என்று நழுவாதே. மீதி வைக்காமல் குடி. கரித்தால், அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும், எழுது.

அம்மா